வேலையும் வீடும்: டீம் லீட் கையில் இருக்கும் ஐந்து வழிகளில் எது தேறும்?

நிறுவனத்தின் கொள்கையை மாற்றும் அதிகாரம் ஒரு டீம் லீடுக்கு கிடையாது. லீவு எத்தனை நாள், வாரம் எத்தனை நாள் அலுவலகம் வரவேண்டும் என்பதெல்லாம் மேலே முடிவாகி மெயிலில் வரும். ஆனால் எட்டுப் பத்துப் பேர் உள்ள ஒரு அணியில் யார் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு யாருடைய போன் அடிக்கிறது என்பது பெரும்பாலும் அவர் ஒருவர் கையில்தான் இருக்கிறது. சென்னை, கோவை ஐடி அணிகளை நடத்துகிறவர்களை மனதில் வைத்து, வேலையையும் வீட்டையும் சேர்த்து நடத்த உதவும் ஐந்து வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

ஒவ்வொரு வழியிடமும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். மேல் இடத்து அனுமதி இல்லாமல் ஒரு மேனேஜரால் இதைத் தொடங்க முடியுமா? ஊழியர் இதை நம்பி வீட்டில் ஒரு வாக்குக் கொடுக்க முடியுமா? இதில் யார் விடுபட்டுப் போகிறார்கள்? என் கணக்கில் இரண்டாவது கேள்விக்குத்தான் எடை அதிகம். "வியாழக்கிழமை சாயங்காலம் நான் வந்துவிடுவேன்" என்று ஒருவர் வீட்டில் சொல்ல முடிகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

உடம்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம், 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் என்று பெரிய மனிதர்கள் மேடையில் பேசும்போது இந்த எண்ணை யாரும் பக்கத்தில் வைப்பதில்லை.

வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து

இதற்குத்தான் சான்று பலமாக இருக்கிறது. சீனாவின் டிரிப்.காம் பயண நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்த சோதனை 2024-ல் நேச்சர் இதழில் வந்தது. பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, மற்றொரு குழுவுக்கு ஐந்து நாளும் அலுவலகம். வீட்டு நாள் கிடைத்த குழுவில் வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும் தொலைவிலிருந்து வருகிறவர்களிடமும் இந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. அப்ரைசலிலும் (வேலைத் திறன் மதிப்பீடு) பதவி உயர்விலும் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. சோதனைக்கு முன் உற்பத்தி குறையும் என்று கணித்த மேனேஜர்களே, முடிந்த பிறகு கொஞ்சம் கூடும் என்று மனம் மாறினார்கள்.

அதே நிறுவனம் 2010-ல் கால் சென்டர் ஊழியர்களை வைத்து இன்னொரு சோதனை நடத்தியிருந்தது. அதில் வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்துதான். வேலைத் திறன் 13 சதவீதம் கூடியது. ஆனால் சோதனை முடிந்ததும் வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை ஒரு காரணம். அவர்கள் காட்டிய திறனுக்கு ஏற்ற பதவி உயர்வும் வரவில்லை. ஆக, இரண்டு நாள் என்ற அளவில் அர்த்தம் இருக்கிறது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதற்குக் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். மருமகள் வீட்டில் இருக்கிற நாள் என்றால் சிலிண்டர் வாங்குவதும் மாமனாரை டாக்டரிடம் கூட்டிப்போவதும் அவள் தலையில்தான் விழும். அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு மீண்டும் லேப்டாப்பைத் திறப்பாள். பயணம் மிச்சமாவது உண்மை, அந்த மிச்சம் யாருக்குப் போகிறது என்பது வீட்டுக்கு வீடு வேறு. அதோடு, வாரம் எத்தனை நாள் என்பதை டீம் லீட் முடிவு செய்ய முடியாது. எந்தெந்த நாள் என்பதில் மட்டும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

வரும் நேரம், போகும் நேரம் அவரவர் வசதி

1967-ல் மியூனிக் அருகே ஒரு ஜெர்மன் விமானத் தயாரிப்பு நிறுவனம் நேர நெகிழ்வைக் கொண்டுவந்தபோது, அங்கே இருந்த பிரச்சினை காலையில் வாசலில் நிற்கும் வாகன நெரிசல்தான். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் குறுகிப்போன சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் தினமும் வந்து போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஏழரைக்கு வந்து நாலரைக்குக் கிளம்ப முடிந்தால் வாழ்க்கையே வேறு.

கம்பெனி பஸ்ஸில் வருகிறவருக்கு அந்த நெகிழ்வு கிடையாது. பஸ் எப்போது எடுக்கிறதோ அதுதான் அவர் நேரம். சொந்த வண்டி உள்ளவருக்கு மட்டும் சலுகை என்று ஆகிவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: தொடக்கம் மட்டும் நகரும், முடிவு நகராது. காலை எட்டு மணிக்கே லாகின் செய்தவர், சாயங்காலம் ஏழரை மணிக் கிளையன்ட் காலுக்கும் உட்கார்ந்திருப்பார். நெகிழ்வு என்ற பெயரில் நாள் பன்னிரண்டு மணி நேரமாக நீண்டுவிடும். "நீ எப்போது வேண்டுமானாலும் வா" என்று சொல்லும் மேனேஜர், "இத்தனை மணிக்கு மேல் உன்னைத் தேட மாட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வழி வேலை செய்யும்.

நான்கு நாள் வாரம்

இந்த ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் உலாவுகின்றன. ஒன்றில் வேலை நேரமே குறைகிறது. பிரிட்டனில் 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை 61 நிறுவனங்கள் சம்பளத்தைக் குறைக்காமல் நேரத்தைக் குறைத்துப் பார்த்தன, 56 நிறுவனங்கள் சோதனை முடிந்த பிறகும் தொடர்ந்தன. இன்னொன்றில் ஐந்து நாள் வேலையை நான்கு நாளுக்குள் அமுக்குகிறார்கள். பெல்ஜியம் 2022-ல் ஊழியர் கேட்டுப் பெறும்படி கொண்டுவந்தது இந்த வகை.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் சட்டத் திருத்தமும் இந்த இரண்டாவது வகைதான். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று விளக்கினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டோடு போக வர மூன்று மணி நேரம் சேர்த்தால், அந்த நான்கு நாளும் பிள்ளை விழித்திருக்கும்போது அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருக்க வாய்ப்பில்லை.

மைக்ரோசாஃப்ட் ஜப்பான் 2019 ஆகஸ்டில் எல்லா வெள்ளிக்கிழமையும் சம்பளத்தோடு விடுமுறை விட்டது. முந்தைய ஆண்டு ஆகஸ்டோடு ஒப்பிட்டால் ஆள் ஒருவருக்கான விற்பனை 39.9 சதவீதம் கூடியது. ஒரே ஒரு மாதக் கணக்கு என்பதால் அந்த எண்ணை அப்படியே தூக்கிப் பிடிக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது அவர்கள் கூடவே செய்த காரியம்: கூட்டம் என்றால் முப்பது நிமிடம், ஐந்து பேருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தார்கள். வெள்ளிக்கிழமை லீவு விடும் அதிகாரம் டீம் லீடுக்கு வராது. கூட்டத்தைப் பாதியாக்க யார் அனுமதியும் தேவையில்லை.

வேலை நேரம் முடிந்தால் மெசேஜ் இல்லை

ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் 2011-ல் ஒரு பகுதி ஊழியர்களுக்கு, ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் போனுக்கு மெயில் போவதையே நிறுத்திவிட்டது. பிரான்ஸில் 2017 முதல், ஐம்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் இதைப் பற்றித் தொழிலாளர் பிரதிநிதிகளுடன் பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் ஊழியருக்கு ஒரு உரிமை உண்டு: நேரம் கடந்து வரும் அழைப்பை, மறுப்பது நியாயமற்றது என்று ஆகாத வரை, எடுக்காமல் இருக்கலாம். இந்தியாவில் 2018-ல் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே இதைத் தனிநபர் மசோதாவாக முன்வைத்தார், சட்டமாகவில்லை.

அனுப்புகிறவரைத் தடுப்பது ஒரு முறை, பெறுகிறவருக்கு மறுக்கும் உரிமை தருவது இன்னொரு முறை. நம் அணிகளில் இரண்டாவது எடுபடாது. இரண்டு வருட அனுபவம் உள்ள பையன், அப்ரைசல் எழுதப்போகிறவரின் போனை எடுக்காமல் விடுவானா? ராத்திரி 10:40-க்கு "அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று ஒரு மெசேஜ் வருகிறது. அனுப்பியவர் நல்ல எண்ணத்தில், மறந்துவிடக் கூடாது என்று அனுப்பினார். பெற்றவர் அதை மூன்று தடவை படித்துவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறார். அவுட்லுக்கிலும் டீம்ஸிலும் காலை ஒன்பது மணிக்குப் போகும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. மேனேஜர் அதைப் பழகிக்கொண்டால் போதும், செலவு எதுவும் இல்லை.

சரி, அமெரிக்கக் கிளையன்ட் வைத்திருக்கும் அணிக்கு "ஆறரைக்கு மேல் பேச்சே இல்லை" என்ற விதி நடக்குமா? நடக்காது. விதி போட்டு இரண்டாம் வாரமே அதை மீற வேண்டிவந்தால், அடுத்து எந்த விதி வந்தாலும் அணி நம்பாது.

வாரம் ஒரு மாலை, உறுதியாக

என் தேர்வு இதுதான். பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தில் ஹார்வர்டு பேராசிரியர் லெஸ்லி பெர்லோ செய்து பார்த்த சோதனை இது, 2009-ல் வெளிவந்தது. எந்நேரமும் கிளையன்ட்டுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று நம்பிய ஆலோசகர்கள் அவர்கள். முதலில் ஒரு அணியில் வாரத்தின் நடுவே ஒரு முழு நாளையே விடச் சொன்னார்கள். இன்னொரு அணியில் வாரம் ஒரு மாலை, ஆறு மணிக்கு மேல் வேலையும் இல்லை, மெயிலும் இல்லை. எந்த மாலை என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். அந்த நேரத்தை அணியில் மற்றவர் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு வாரமும் கூடி அது நடந்ததா என்று பேச வேண்டும்.

இதை நம் அணியில் எப்படிச் செய்வது? எட்டுப் பேர் இருக்கிறார்கள், சாயங்காலக் காலில் எட்டுப் பேரும் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேசுவது இரண்டு பேர்தான். அந்த இருவர் யார் என்று நாளுக்கு நாள் ரோட்டா (முறைவைத்து ஆள் மாறும் பட்டியல்) போட்டால் மற்ற ஆறு பேரும் கிளம்பலாம். போகிறவர் தன் வேலையின் நிலையை ஐந்து வரியில் எழுதிவைத்துவிட்டுப் போகவேண்டும், அந்த ஐந்து வரி மட்டும் விட்டுப்போகவே கூடாது. முதல் மாதம் தடுமாறும். கிளையன்ட் பழகிய ஒரே முகத்தைத்தான் கேட்பார், அந்த சீனியரும் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பார். அவர் காய்ச்சலில் படுத்தால் என்ன ஆகும் என்ற பயம் எல்லா மேனேஜருக்கும் உண்டே, அதற்கும் இதே ரோட்டாதான் மருந்து.

இங்கே ஒரு சின்ன விஷயம், பலருக்கும் வருடா வருடம் வலிக்கிறது. நியூயார்க்கில் காலை பத்து மணிக் கால் என்றால் கோடையில் நமக்கு இரவு 7:30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அதே கால் 8:30 ஆகிவிடும், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படியே ஓடும். நான்கு மாதத்துக்கும் மேல் நம் பக்கம் எல்லோரும் ஒரு மணி நேரம் தாமதமாக வீடு போகிறார்கள். அக்டோபரிலேயே "குளிர்காலத்தில் உங்கள் நேரப்படி காலை ஒன்பது மணிக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு மெயில் போட்டால் பல கிளையன்ட்கள் சரி என்பார்கள். அதைக் கேட்க வேண்டியது மேனேஜர், ஜூனியர் கேட்க முடியாது.

ஷிஃப்ட் வேலையிலும் முன்கூட்டித் தெரிவதற்கு மதிப்பு உண்டு. அமெரிக்காவில் கேப் (Gap) நிறுவனத்தின் துணிக்கடைகளில், ஷிஃப்ட் நேரங்களை நிலையாகவும் முன்கூட்டியே தெரியும்படியும் மாற்றிப் பார்த்தார்கள். அந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது.

விடுபடுகிறவர்கள் இதிலும் உண்டு. இரண்டே பேர் உள்ள அணியில் ரோட்டா போட ஆளில்லை. மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வாரத்தில் மாலையைக் காப்பாற்றுவது கடினம். அப்படிப் பறிபோன மாலைக்கு அடுத்த வாரத்துக்குள் காம்ப் ஆஃப் (ஈடு விடுப்பு) தந்துவிட வேண்டும், மூன்று மாதம் கழித்துத் தரும் காம்ப் ஆஃப் யாருக்கும் உதவாது.

எனக்குத் தெரிந்த வரிசை

பெரும்பாலான ஐடி அணிகளுக்கு: முதலில் உறுதியான மாலை, அதோடு மேனேஜர் தன் இரவு மெசேஜ்களை நிறுத்துவது. இரண்டையும் வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம். அடுத்தது வீட்டு நாள், அதில் எந்த நாள் என்பதை ஊழியரே தேர்வு செய்யட்டும். நேர நெகிழ்வு அதற்கும் கீழே, முடியும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் மட்டும். அமுக்கிய நான்கு நாள் வாரத்தை யார் கொண்டுவந்தாலும் நான் ஆதரிக்க மாட்டேன்.

பேறுகால விடுப்பு முடிந்து வருகிறவருக்கு மட்டும் இந்த வரிசை மாறும். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் வந்ததிலிருந்து, 26 வார விடுப்போடு, விடுப்புக்குப் பிறகு இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவருக்கு வாரம் ஒரு மாலை எதற்குப் போதும்? வீட்டு நாளும் நேர நெகிழ்வும் சேர்ந்தே வேண்டும். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், திரும்பி வருவதற்கு முன்பே மேனேஜர் எச்.ஆரிடம் பேசிவைப்பது நல்லது.

இந்த ஐந்தில் எதைத் தொடங்கினாலும் அணி கவனிப்பது ஏப்ரல் அப்ரைசலைத்தான். புதன்கிழமை ஆறரைக்குக் கிளம்பியவருக்கு ஒரு படி குறைந்த ரேட்டிங், தினமும் பத்து மணி வரை இருந்தவருக்குப் பாராட்டு என்று ஆனால் மே மாதம் ரோட்டாவில் பெயர் மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். அதனால் ரேட்டிங்கை அனுப்பும் முன், மாலையைத் தவறாமல் எடுத்துக்கொண்டவர்கள் பெயரை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொருவர் முடித்த வேலைக்கும் கிடைத்த ரேட்டிங்குக்கும் பொருந்துகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.