பீட்டர்ஸ்பர்க் சதுக்கங்கள்: ஆர்ச் வழியா உள்ள போங்க

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போற நிறைய பேரு ஹெர்மிடேஜ் மியூசியத்துக்குள்ளயே ஒரு நாள் முழுக்க இருந்துட்டு, வாசல்ல இருக்கற பேலஸ் ஸ்கொயர்ல ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு கிளம்பிடறாங்க. மனசு கேக்காமதான் இத எழுதறேன். மியூசியம் அருமைதான், ஆனா அந்த ஊரோட சதுக்கங்களுக்குன்னு தனியா ரெண்டு நாள் ஒதுக்குங்க. டிக்கெட் கிடையாது, கியூ கிடையாது, எப்ப வேணா போலாம்.

ஜூன்ல நாலு நாள் இருந்தேன், பேலஸ் ஸ்கொயருக்கு மட்டும் மூணு தடவ போனேன். மொத தடவ நேவா ஆத்துப் பக்கமா போயிட்டேன், பெருசா இருக்குன்னு தோணுச்சு, அவ்வளவுதான். மறுநாள் ஊரோட பெரிய தெருவான நெவ்ஸ்கி புராஸ்பெக்ட்ல இருந்து பல்ஷாயா மொர்ஸ்காயா தெருவுல திரும்பி நடந்தேன். மொதல்ல ஒரு ஆர்ச் வருது, அதத் தாண்டினா இன்னொண்ணு, தெரு லேசா கோணலா போறதால உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, அந்த நிழலுக்குள்ள கொஞ்சம் நடந்து திரும்பினதும் எதிர்ல அந்த சிவப்புத் தூண், பின்னாடி பச்சையும் வெள்ளையுமா, ஹெர்மிடேஜ் மியூசியம் இருக்கற குளிர்கால அரண்மனை, ரெண்டும் ஆர்ச்சுக்குள்ள ஃப்ரேம் போட்ட மாதிரி நிக்குது. நான் அப்படியே நின்னுட்டேன், பின்னாடி வந்தவங்க சுத்திக்கிட்டு போனாங்க. கார்லோ ரோஸிங்கற ஆர்க்கிடெக்ட் அந்தக் கோணலையே இப்படி ஒரு வாசலா மாத்திட்டாரு. தயவுசெஞ்சு மொத தடவையே இந்த வழியா போங்க.

அந்த ஆர்ச் இருக்கற ஜெனரல் ஸ்டாஃப் பில்டிங் 1819-ல ஆரம்பிச்சு 1829-ல முடிஞ்சது. எதிர்ல இருக்கற அரண்மனை ராஸ்ட்ரெல்லி கட்டினது, 1762-லயே முடிஞ்சிருச்சு. அரண்மனை பூரா சிலையும் சிற்ப வேலையும் நெறஞ்சு கெடக்கு, இது அடக்கமா வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது, நடுவுல அறுபது வருஷ இடைவெளி, ஆனாலும் ரெண்டும் சண்ட போடல. தான் அடங்கி நின்னு எதிர்ல இருக்கறத தூக்கிக் காட்டுது பாருங்க, ரோஸிகிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

நடுவுல இருக்கற அலெக்சாண்டர் தூண் மொத்தம் 47.5 மீட்டர் உயரம். தண்டுப் பகுதி முழுக்க ஒரே கிரானைட் கல்லு, சுமார் 600 டன், இப்ப ஃபின்லாந்துல இருக்கற ஒரு குவாரில வெட்டி கடல் வழியா கொண்டு வந்தாங்க. 1832-ல சுமார் 2000 சிப்பாய்ங்க கயிறு கட்டி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள நிமித்திட்டாங்க. அடியில பீடத்தோட எந்தப் பிடிமானமும் இல்ல, தன் எடையிலயே நிக்குது. இது தெரிஞ்சுக்கிட்டு அதுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாருங்க, வேற மாதிரி இருக்கும். இதே சதுக்கத்தப் பாத்துதான் 1905 ஜனவரில தொழிலாளிங்க ஜார்கிட்ட, அதாவது ரஷ்யப் பேரரசர்கிட்ட, மனு குடுக்க குடும்பத்தோட நடந்து வந்தாங்க, அவங்கள சுட்டாங்க. இவ்வளவு அழகான இடத்துல அதையும் நெனச்சுக்கிட்டுதான் நிக்க வேண்டியிருக்கு.

குறைன்னா, நாங்க போனப்ப கச்சேரிக்கு மேடை போட்டுக்கிட்டு இருந்தாங்க, இரும்புக் கம்பியெல்லாம் ஒரு பக்கத்த அடைச்சிருச்சு. பழைய ராஜா ராணி வேஷத்துல வர்றவங்க தானா பக்கத்துல வந்து நின்னு போட்டோ எடுக்க விட்டுட்டு அப்புறம் பெரிய தொகை கேக்கறாங்க, என் ஃபிரெண்டு மாட்டிக்கிட்டாரு, முதல்லயே ரேட்டு பேசிக்கோங்க. உக்கார பெஞ்ச் கிடையாது, நிழலும் கிடையாது. கால் வலிச்சா பக்கத்துல அலெக்சாண்டர் கார்டன் இருக்கு, அங்க உக்காந்துட்டு அப்படியே செனட் ஸ்கொயருக்கு நடந்துரலாம்.

அங்க இருக்கற ஜார் பீட்டரோட, அதாவது இந்த ஊர உருவாக்கினவரோட, சிலைய எல்லாரும் போட்டோல பாத்திருப்பீங்க, ஃபால்கோனே செஞ்சது, 1782-ல திறந்தாங்க. நான் சிலைய விட அதுக்கு கீழ இருக்கற பாறையத்தான் ரொம்ப நேரம் பாத்தேன். அந்த ஒத்தப் பாறைய உலோக உருண்டைங்க மேல வெச்சு தரையிலயே பல கிலோமீட்டர் இழுத்து, அப்புறம் படகுல ஏத்தி தண்ணி வழியா கொண்டு வந்திருக்காங்க. 1825 டிசம்பர்ல இதே எடத்துலதான் ஜார் முதலாம் நிக்கோலாஸுக்கு சத்தியம் பண்ண மாட்டோம்னு சுமார் 3000 சிப்பாய்ங்க குளிர்ல நின்னாங்க, சாயங்காலம் பீரங்கி வெச்சுக் கலைச்சாங்க. அந்த நிக்கோலாஸோட சிலை, செயின்ட் ஐசக் கதீட்ரலுக்கு அந்தப் பக்கம் செயின்ட் ஐசக் ஸ்கொயர்ல நிக்குது, குதிரை பின்னங்கால் ரெண்டுலயே நிக்கற மாதிரி க்ளாட் 1859-ல செஞ்சு வெச்சது. ரெண்டு ஜாரும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு இருக்காங்க, நடுவுல கதீட்ரல். ரெண்டு சதுக்கத்தையும் ஒரே நடையில பாத்தாதான் இது பிடிபடும்.

கதீட்ரல் தூண்ல குண்டு பட்ட தடம் ஒண்ண அப்படியே விட்டு வெச்சிருக்காங்க, ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் படை ஊர முற்றுகை போட்டப்ப, 1941-லேர்ந்து 1944 வரைக்கும் ஊர் மேல விழுந்த 1,48,478 குண்டுல ஒண்ணுன்னு கீழ பலகை இருக்கு. அந்த முற்றுகை நடந்தப்ப, 1942-ல, இந்த சதுக்கத்துல முட்டைக்கோஸ் போட்டு சாப்பிட்டிருக்காங்க. இப்ப அங்க பூச்செடியும் புல்லும் இருக்கு. எனக்கு பேலஸ் ஸ்கொயர விட இங்கதான் அதிக நேரம் ஆச்சு. கதீட்ரல் மேல குவிமாடத்தச் சுத்தி இருக்கற தூண் வரிசைக்கு, கொலோனேடுன்னு சொல்வாங்க, அதுக்கு மட்டும் டிக்கெட் உண்டு, 200 படிக்கு மேல, முட்டி பலமா இருந்தா ஏறுங்க, மூணு சதுக்கமும் எப்படி ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்குன்னு மேல போனாதான் தெரியும்.

ஆர்ட்ஸ் ஸ்கொயர், ஆஸ்ட்ரோவ்ஸ்கி ஸ்கொயர் ரெண்டும் சின்னது, ரோஸி வேலதான், நெவ்ஸ்கில போற வழியில ஒரு எட்டு பாத்துரலாம்.

வெளிநாட்டு பேங்க் குடுத்த விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் அங்க வேல செய்யாது, ரூபிள் கையில வெச்சுக்கோங்க. ராத்திரி பாலங்கள தூக்கிடுவாங்க, மெட்ரோவும் நள்ளிரவோட முடிஞ்சிரும், அதனால ரூமை பேலஸ் ஸ்கொயர் இருக்கற கரையிலயே எடுங்க. மூணாவது தடவ நாங்க பாலம் தூக்கறதப் பாத்துட்டு கூட்டமெல்லாம் கலைஞ்சப்புறம் மூணு மணி வாக்குல அதே ஆர்ச் வழியா போனோம். ஜூன் மாசம்ங்கறதால வானம் இருட்டவே இல்ல, ஆத்துக் காத்து நல்லா குளுந்துச்சு, ஜாக்கெட் இல்லாம போகாதீங்க. அவ்வளவு பெரிய எடத்துல நாங்க ரெண்டு பேரும், தண்ணி அடிச்சுத் தரை கழுவற வண்டி ஒண்ணும்தான்.