கூரையில் துளை போட விடாதீர்கள்: 38 ஆயிரம் ரூபாய் கேரியரில் நான் ஏமாந்தது

என் வண்டிக் கூரையில் கேரியர் மாட்டிய கடையின் பெயரை இதில் எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறேன், முடியும் வரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கோயம்புத்தூரில் இருக்கிறது என்பது மட்டும் போதும். பெயர் முக்கியமே இல்லை, இதே வேலையை இதே மாதிரி செய்கிற கடைகள் நிறைய இருக்கும்.

என் வண்டி இசுஸு வி-கிராஸ் பிக்கப், 2018 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உடுமலைப் பக்கம் தோட்டம். வாரத்தில் ஐந்து நாள் பின்தொட்டியில் தேங்காயும் உர மூட்டையும் ஏறும், மீதி நாளில் நண்பர்களோடு மலைப் பக்கம் போவோம். கூடாரம், ஸ்டெப்னி, தண்ணீர் கேன் எல்லாம் வைக்க மேலே ஒரு கேரியர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசை. "பின்னாடி ஒரு ரூம் அளவுக்கு எடம் கெடக்குது, தலைக்கு மேல எதுக்குங்க மாப்ளே?" என்று மாமனார் அன்றே கேட்டார். பதில் சொல்லாமல் சிரித்தேன்.

கடையை ரீல்ஸில் பார்த்துப் பிடித்தேன். நேரில் போனபோது ஓனர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். முழுக்க அலுமினியம், எடை 22 கிலோதான், பவுடர் கோட்டிங், பத்து வருடத்துக்குத் துருவே பிடிக்காது என்றார். நம் ஊரில் கேரியர் என்பதையே இவர்கள் ரூஃப் ரேக் என்பார்கள். பெயர் மாறியதும் விலை மூன்று மடங்கு ஏறிவிடும். 38,000 ரூபாய் பேசி, 20,000 அட்வான்ஸ் ஜிபேயில் அனுப்பினேன். கடைக் கணக்குக்கு அல்ல, அவருடைய சொந்த நம்பருக்கு. பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா ஜிஎஸ்டி 18 பர்சன்ட் சேருங்ணா, உங்களுக்குத்தான் நட்டம்" என்றார். என் நட்டத்தைப் பற்றி அவ்வளவு அக்கறை! நானும் தலையாட்டினேன். இதுதான் நான் செய்த முதல் தப்பு.

ஒரு வாரம் என்றவர்கள் மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். காலையில் வண்டியை விட்டேன். "சாயங்காலம் வாங்ணா, இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க" என்றார் ஓனர். காந்திபுரத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தேன். அந்த நேரத்தில்தான் என் வண்டியின் கூரையில் ட்ரில் இறங்கியிருக்கிறது.

துளை போடப் போவதாக யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் எப்படி மாட்டுவீர்கள் என்று கேட்கவில்லை. பழைய பொலேரோ, ஜிப்சி மாதிரி வண்டிகளில் கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் வழிய ஒரு காடி இருக்கும். கேரியரின் கால் அதில் உட்கார்ந்து கவ்விக்கொள்ளும், துளையே தேவைப்படாது. என் வண்டியில் அந்தக் காடி கிடையாது. அப்படியென்றால் கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பைப் பிடிக்கிற கிளாம்ப் போட வேண்டும். அதற்குத் தனியாகச் செலவாகும். ட்ரில் பிட்டுக்கு என்ன செலவு?

நாலைந்து நாளில் வெள்ளைக் கூரையில் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மாமரத்துப் பிசின் என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. எண்பதைத் தாண்டினால் விசில் மாதிரி ஒரு சத்தம். லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்த வண்டி பத்தரைக்கு இறங்கியது. கேரியர் என்றால் இதெல்லாம் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜூலையில் குடும்பத்தோடு வால்பாறை. ஆழியாறில் ஏறும்போதே மழை. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், லோம்ஸ் வியூவில், பனியைப் பார்க்க வண்டியை நிறுத்தினோம். "ஏனுங்க, மேல இருந்து தண்ணி சொட்டுதுங்க" என்றாள் மனைவி. உள் விளக்கின் ஓரமாகச் சொட்டு சொட்டாக அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. மீதி 31 வளைவும் மகள் கையில் ஒரு டிபன் பாக்ஸ் மூடியைப் பிடித்தபடி வந்தாள். வால்பாறை போய்ச் சேர்வதற்குள் உள் விளக்கு அணைந்துவிட்டது. மறுநாள் டிரைவர் பக்க ஜன்னல் கண்ணாடி இறங்கியது, ஏறவில்லை. முன் கண்ணாடிக்கு ஓரத்தில் இருக்கிற தூண் வழியாகத் தண்ணீர் வயரிங்கில் இறங்கியிருக்கிறது. அந்த மழையில் ஒரு பாலித்தீன் பையை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு திரும்பினோம்.

கடைக்குப் போனேன். ஓனர் வண்டியைச் சுற்றிவந்துவிட்டு, "மலை மழைக்கு எந்த வண்டியா இருந்தாலும் கொஞ்சம் கசியுங்ணா" என்றார். ஒரு பையன் ஏணி போட்டு ஏறி, கால்களைச் சுற்றி இன்னும் கொஞ்சம் சிலிக்கான் பிதுக்கிவிட்டு இறங்கினான். அதற்கு 500 ரூபாய் கேட்டார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

ஊரில் இருக்கும் டிங்கரிங் மேஸ்திரியிடம் வண்டியை விட்டேன். அறுபது வயதுக்காரர், அதிகம் பேச மாட்டார். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். பழைய வண்டி பார்க்கும்போது எங்கே தகரம், எங்கே புட்டி என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். அதை எடுத்துக் கேரியரில் வைத்தார். டக் என்று ஒட்டிக்கொண்டது. "அலுமினியம்னா சொன்னான்?" என்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை.

அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ஓனருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அது அலாய்ங்ணா, அலாய்ல கொஞ்சம் இரும்பு கலந்துதான் வரும்" என்றார். அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதில்லை.

கேரியரைக் கழற்றியதும் உண்மையான கூத்து தெரிந்தது. ஆறு கால், காலுக்கு இரண்டு ஸ்க்ரூ, ஆக 12 துளை இருக்க வேண்டும். இருந்தது 14. இரண்டைத் தப்பாகப் போட்டுவிட்டு, அதன் மேல் சிலிக்கானைத் தடவி, காலின் தட்டை வைத்து மூடியிருக்கிறார்கள். போட்டிருந்தது எல்லாம் செல்ஃப் ஸ்க்ரூ, அதாவது நட்டு இல்லாமல் தகரத்தையே கவ்வி நிற்கிற ரகம். கூரைத் தகரம் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. அதில் செல்ஃப் ஸ்க்ரூவுக்குப் பிடிக்க என்ன இருக்கிறது? மண் ரோட்டில் நாலு நாள் குலுங்கினால் துளை அகலமாகிவிடும். துளை போட்டே தீர வேண்டும் என்றால்கூட, உள்ளே குறுக்குச் சட்டம் போகிற இடமாகப் பார்த்து, அடியில் தட்டு கொடுத்து போல்ட் போட வேண்டும், குறைந்தது தகரத்தை இறுக்கிப் பிடித்து மரை கொடுக்கிற ரிவெட் நட்டாவது இறக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. வெட்டிய விளிம்புக்கு ஒரு சொட்டு பிரைமர்கூட வைக்கவில்லை.

அப்புறம் அந்த சிலிக்கான். மேஸ்திரி கொஞ்சம் கிள்ளி மோந்து பார்க்கச் சொன்னார். புதிதாகப் பிதுக்கிய இடத்தில் இன்னும் புளித்த வாடை. ஜன்னல் கண்ணாடிக்கும் மீன் தொட்டிக்கும் போடுகிற ரகம் அது. காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அதாவது வினிகரில் இருக்கிற அதே அமிலம். வெறும் இரும்பில் பட்டால் தண்ணீரை அடைக்கிற வேலையைவிடத் துருப்பிடிக்க வைக்கிற வேலையை நன்றாகச் செய்யும். வண்டிக்கு பாலியூரித்தேன் சீலன்ட் போட வேண்டும். விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். நான் மாமரத்துப் பிசின் என்று துடைத்த ஆரஞ்சுப் புள்ளிகள், ட்ரில் போட்டபோது தெறித்த இரும்புச் சுருள்கள். ஊதிக்கூட விடாமல் அப்படியே பெயின்டில் துருப்பிடிக்க விட்டிருக்கிறார்கள். கூரை ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக், அதாவது மோதினால் ஜன்னல் பக்கம் திரை மாதிரி விரிகிற காற்றுப்பை, இருக்கிற வண்டியில் இந்தக் கும்பல் ட்ரில்லை இறக்கினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டியோடு வருகிற மேனுவலில் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால், அது சாமான்களுக்கு மட்டும் அல்ல, கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். ஒரு பேச்சுக்கு 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது தார் ரோட்டுக்கு. கரடு முரடான பாதை என்றால் ஒன்றரையால் வகுத்துக்கொள்ளச் சொல்கிற ரேக் கம்பெனிகளே உண்டு. அப்படிப் பார்த்தால் 50. 22 கிலோ என்று சொல்லி விற்ற என் கேரியர், பிறகு எடை போட்டபோது 47 கிலோ. மீதி மூன்று கிலோவில் ஒரு தார்ப்பாயை மடித்து வைக்கலாம். நானோ அதன் மேல் ஸ்டெப்னியையும் இரண்டு தண்ணீர் கேனையும் கட்டிக்கொண்டு, சாய்ந்த பாதைகளில் குழந்தையை வைத்து ஓட்டியிருக்கிறேன்.

"ஆர்டிஓ பிரச்சினையே வராதுங்ணா" என்றும் கடையில் உறுதி கொடுத்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு வண்டியை மாற்றுவதைப் பற்றியது. அனுமதிக்காத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது. அது கடைக்காரருக்கு அல்ல, வண்டி ஓனருக்கு. மாட்டுவதற்கு முன்னால் ஆர்டிஓ ஆபீசில் நீங்களே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கூரை லைனிங்கைக் கழற்றி, 14 துளையையும் அடைத்து, கூரை முழுக்கப் பெயின்ட் அடிக்க 16,500. லைனிங்கும் வயரிங்கும் 6,200. கேரியருக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் 60,700 ரூபாய்க்கு, கேரியர் இல்லாத பழைய வண்டி மறுபடி கிடைத்திருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், வக்கீல் நோட்டீஸ் விட்டேன், பதில் வரவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த மாவட்டத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அதனால் திருப்பூரில் போட்டேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாதது பெரிய ஓட்டை. நல்ல வேளை, ஜிபே ரசீதும், வாட்ஸ்அப்பில் "ஃபுல் அலுமினியம்ணா" என்று அவரே அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் இருக்கின்றன.

கேரியர் என்ன உலோகம், எத்தனை கிலோ என்பதற்கும் ஒரு காகிதம் வேண்டும் என்றார் வக்கீல். பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, எடை போட்டு, கேட்ட உடனே சீட்டு எழுதிக் கொடுத்தார்: பழைய இரும்பு, 47 கிலோ. அந்தக் கேரியருக்கு என்னிடம் இருக்கிற ஒரே பில் அதுதான்.