வொர்க்ட்ரீயா, இன்னொரு குளோனா?

ஃபீச்சர் பிராஞ்சில் (புது வசதிக்கான தனிக் கிளையில்) வேலை பாதியில் இருக்கும்போதுதான் புரொடக்‌ஷனில் அவசரமாக ஒரு பக் வந்து நிற்கும். கோடின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கருவியான கிட்டில் இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு: மாற்றங்களை ஸ்டாஷில் (தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் இடத்தில்) போட்டுவிட்டு பிராஞ்ச் மாறலாம், ரெப்போவை (கோடும் அதன் வரலாறும் சேர்ந்த களஞ்சியத்தை) வேறொரு ஃபோல்டரில் தனி நகலாகக் குளோன் செய்யலாம், இல்லையென்றால் அதே ரெப்போவுக்கு இன்னொரு வேலை ஃபோல்டர் சேர்க்கும் ‘கிட் வொர்க்ட்ரீ’. நான் மூன்றாவதற்கு மாறிவிட்டேன்.

ஸ்டாஷ் சின்ன வேலைக்குச் சரி. நாள் கணக்கில் இழுத்தால் எந்த ஸ்டாஷில் எது கிடக்கிறது என்பதே மறந்துபோகும். நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

வொர்க்ட்ரீ 2015இல் வெளியான கிட் 2.5இல் வந்தது. ‘கிட் வொர்க்ட்ரீ ஆட்’ கொடுத்தால் புது ஃபோல்டர் உருவாகி, கேட்ட பிராஞ்சின் கோப்புகள் அதில் செக்அவுட் ஆகிவிடும். அங்கே ‘.கிட்’ என்பது மூல ரெப்போவைச் சுட்டும் சின்னக் கோப்பு மட்டுமே. ஹெட்டும் (இப்போது எந்த பிராஞ்சில் இருக்கிறோம் என்ற குறிப்பு) இண்டெக்ஸும் (அடுத்துப் பதிவாகவுள்ளவற்றின் பட்டியல்) ஃபோல்டருக்கு ஃபோல்டர் தனி. கமிட் (பதிவு செய்த மாற்றம்), பிராஞ்ச், ஸ்டாஷ் எல்லாம் பொது.

டிஸ்க் இடம் மிச்சம் என்பது எனக்குப் பெரிய காரணமாகப் படவில்லை. அதே டிஸ்க்கில் லோக்கல் குளோன் எடுத்தாலும் கிட் ஹார்டுலிங்க் போட்டு (நகலெடுக்காமல் அதே கோப்பைப் பகிர்ந்து) இடத்தைக் காப்பாற்றிவிடும்.

பராமரிப்புதான் விஷயம். இரண்டு குளோன் வைத்தால் இரண்டிலும் ஃபெட்ச் செய்ய (சர்வரிலிருந்து புது மாற்றங்களை எடுக்க) வேண்டும். ஒன்றில் போட்ட கமிட் மற்றதில் வேண்டுமென்றால் சர்வருக்குப் புஷ் செய்தோ, அந்த ஃபோல்டரிலிருந்து ஃபெட்ச் செய்தோ கொண்டுவர வேண்டும். புஷ் ஆகாத கமிட்டோடு பழைய குளோனை அழித்துவிட்டால் அந்த உழைப்பு போனது போனதுதான். வொர்க்ட்ரீயில் ஒருமுறை ஃபெட்ச் செய்தால் எல்லா ஃபோல்டருக்கும் அது போதும். ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்த) கமிட்டை அடுத்த நொடியே ஃபீச்சர் பிராஞ்சில் செர்ரி-பிக் செய்யலாம், அதாவது அந்தக் கமிட்டை மட்டும் எடுத்துச் சேர்க்கலாம். ஃபோல்டரையே அழித்தாலும் பிராஞ்சில் கமிட் செய்தது மூல ரெப்போவில் பத்திரமாக இருக்கும். கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் ‘வொர்க்ட்ரீ ரிமூவ்’ நீக்க மறுக்கும். கையால் அழித்தால் மட்டும் ‘புரூன்’ கொடுத்துப் பழைய பதிவைத் துடைத்துவிடுங்கள்.

ஒரே பிராஞ்சை இரண்டு வொர்க்ட்ரீயில் திறக்க கிட் சாதாரணமாக விடாது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், ஆனால் குழப்பம் வராமல் காப்பதே அதுதான். ‘நோட் மாட்யூல்ஸ்’ (நிறுவிய லைப்ரரிகள்), ‘.என்வ்’ (அமைப்புக் கோப்பு) போன்றவற்றைப் புது ஃபோல்டரில் மறுபடி அமைக்க வேண்டும். குளோனிலும் அதே கதைதான்.

சப்மாட்யூல் (உள்ளே இணைத்த இன்னொரு ரெப்போ) உள்ள புராஜெக்ட்டில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே வொர்க்ட்ரீ ஆதரவு முழுமையில்லை என்று கிட் ஆவணமே சொல்வதால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஹிஸ்டரியைத் திருத்தி எழுதும் சோதனைகளுக்கும் இன்றுவரை தனிக் குளோன்தான் எடுக்கிறேன்.