பகுப்பாய்வுப் பத்திக்கு எது உதவும்: 'பீல்' முறையா, 'என்ன, எப்படி, ஏன்' கேள்விகளா?

ஆங்கில இலக்கியக் கட்டுரை எழுதும் பதின்ம வயது மாணவர்கள் பெரும்பாலும் மேற்கோளைக் காட்டிய அடுத்த வரியில்தான் திணறுகிறார்கள். எனவே, பத்தி அமைக்கக் கற்பிக்கும் முறைகளை ஒப்பிடும்போது, அந்த வரியை எழுத எது துணைநிற்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

பரவலாக வழங்கும் 'பீல்' (PEEL) முறை கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு என நான்கு படிகளைக் கொண்டது. ஆஸ்திரேலியப் பள்ளிகளில் பின்பற்றப்படும் 'டீல்' (TEEL) முறையும் ஏறக்குறைய இதுவே. எங்கே தொடங்குவதென்று தெரியாத மாணவருக்கு இது உடனே பிடிமானம் தருவதோடு, சான்றின்றிக் கருத்துகளை அடுக்கும் பழக்கத்தையும் போக்குகிறது. ஆனால் மூன்றாம் படியில் எதை விளக்குவது என்று வழிகாட்டுவதில்லை. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், தன் கணவன் மேக்பெத் அரசனைக் கொன்ற பின், சிறிது தண்ணீர் இந்தச் செயலை நம்மிடமிருந்து கழுவிவிடும் என்கிறாள் மேக்பெத் சீமாட்டி. "அவளுக்குக் குற்றவுணர்வு இல்லை என்பதை இது காட்டுகிறது" என்று எழுதி, பல மாணவர்கள் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அதே வரியிடம் மூன்று கேள்விகளைக் கேட்டால் பத்தி வளர்கிறது. அவள் சொல்வது என்ன? குற்றம் கழுவினால் போகும் கறை என்கிறாள். எப்படிச் சொல்கிறாள்? 'சிறிது' என்ற அடைமொழியால் கொலையையே சிறிதாக்குகிறாள். 'நம்மிடமிருந்து' என்று கணவனையும் உடன் சேர்த்துக்கொள்கிறாள். நாடக ஆசிரியர் ஏன் இவ்வரியை இங்கே வைத்தார்? ஐந்தாம் அங்கத்தில் உறக்கத்தில் நடந்தபடி, போகாத கறையைப் போக்கக் கைகளைத் தேய்க்கும் அவளது நிலையோடு பொருத்திப் பார்க்கும் மாணவர், அவளுடைய உறுதி குலைவதற்கான விதை இங்கேயே ஊன்றப்பட்டது என்று சொந்தமாக வாதிடத் துணிகிறார். இதுவே பகுப்பாய்வு.

இம்முறைக்கும் குறையுண்டு. 'ஏன்' என்ற கேள்விக்கு "வாசகரைச் சிந்திக்க வைக்க" என்று எந்த நூலுக்கும் பொருந்தும் விடை வந்துவிடும். அப்போது எதைப் பற்றிச் சிந்திக்க வைக்க என்று ஆசிரியர் விடாமல் கேட்க வேண்டும்.

ஆகவே, தொடக்கநிலை மாணவருக்குப் 'பீல்' முறையைக் கொடுத்து, சான்று காட்டுவது பழகியதும் அதன் விளக்கப் படிக்குள் 'எப்படி', 'ஏன்' இரண்டையும் புகுத்துவதே நல்லது. முதல் வாக்கியத்தையே திருப்பி எழுதுவதாக முடியும் இணைப்பு வரியை எல்லாப் பத்திகளிலும் கட்டாயமாக்கத் தேவையில்லை.