அண்ணா நகர் பழைய வீடா, சோழிங்கநல்லூர் புது வீடா?

சென்னை சோழிங்கநல்லூரில் ஆறு ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டு, சென்ற ஆண்டு அண்ணா நகரில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கினோம். அதே விலைக்கு அங்கே மூன்று படுக்கையறையும் லிப்டும் நீச்சல் குளமும் கிடைத்திருக்கும். இங்கே இரண்டு அறை, லிப்ட் இல்லாத இரண்டாவது மாடி. ஆனாலும் என் ஓட்டு அண்ணா நகருக்குத்தான்.

அலுவலக தூரம், பள்ளிக்கூடம் எல்லாம் அவரவர் தேவை. நான் பார்த்தது தண்ணீரை.

அங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு லாரிக் குழாயின் இரைச்சலில்தான் எழுவோம். பக்கெட்டில் பிடித்து வைத்த போர் தண்ணீர் மாலைக்குள் மஞ்சளாகி, அடியில் செம்மண்போல் படியும். 2019 கோடையில் லாரியும் சொன்ன நாளில் வரவில்லை. மாதப் பராமரிப்புத் தொகையில் ஏறக்குறைய பாதி தண்ணீருக்கே போனது. வீட்டுக் கடன் என்றாவது தீரும். இந்தச் செலவு தீராது.

காரணம், எது முதலில் வந்தது என்பதில் இருக்கிறது. 1968 உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தையொட்டி உருவானது அண்ணா நகர். வீட்டுவசதி வாரியம் தெருவையும் பூங்காவையும் வகுத்து, பிறகு மனைகளைக் கொடுத்தது. சோழிங்கநல்லூர் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் குடிநீர்க் குழாயை அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் முந்திக்கொண்டன. சோழிங்கநல்லூர் மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011இல்தான். தென்சென்னை ஏரிகளின் உபரிநீரை வாங்கிக்கொண்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் பெருங்குடிக் குப்பைமேட்டுக்கும் போய்விட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் சோழிங்கநல்லூர் தெருவில் முழங்கால் அளவு வெள்ளம். குடிநீர் லாரி உள்ளே வர முடியவில்லை. பால்கனியில் அண்டாவை வைத்து மழைநீர் பிடித்தோம்.

அண்ணா நகரில் நான் பார்த்தது ஒரே ஒரு கோடைதான். 2019இல் தாங்களும் லாரிக்குக் குடத்தோடு நின்றதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். ஓட்டேரி நல்லா என்ற கால்வாயின் ஓரத்துத் தெருக்களைப் பற்றி நான் உறுதி சொல்ல மாட்டேன். சோழிங்கநல்லூர்ப் பக்கம் மெட்ரோ வேலை நடக்கிறது. நெம்மேலியில் 2024இல் இரண்டாவது கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையும் திறந்தார்கள். அங்கே குழாய்த் தண்ணீர் நிலையாக வந்துவிட்டால் என் கணக்கு மாறும்.

சோழிங்கநல்லூரிலேயே வாங்குவதென்றால், மாதிரி வீட்டைப் பார்ப்பதற்கு முன் அக்கம்பக்கத்துக் குடியிருப்பின் பன்னிரண்டு மாதப் பராமரிப்புக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அதில் தண்ணீர் லாரிக்கு எழுதியிருக்கும் தொகையை முதலில் பாருங்கள்.