பழைய கணினி விளையாட்டுகளும் என் லினக்ஸும்

சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக் கணினியில் விண்டோஸ் கிடையாது, டெபியன் லினக்ஸ் மட்டும்தான். தொண்ணூறுகளின் விளையாட்டுகளைச் சில வருடங்களாக அதில்தான் விளையாடுகிறேன். இந்த வேலைக்கு இன்றைய விண்டோஸைவிட லினக்ஸே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் போதும். பழைய கணினி மொத்தத்தையும் அது மென்பொருளாகவே உண்டாக்கித் தருகிறது. விளையாட்டின் செட்டப்பில் ஒலி அட்டை எது என்று கேட்டால் சவுண்ட் பிளாஸ்டர் 16, போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள், ஒலி வந்துவிடும். சவுண்ட் பிளாஸ்டர் நம் ஊர்ச் சரக்கு. சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் 1989-இல் கொண்டுவந்தது. எந்த நாட்டில் எழுதிய விளையாட்டாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் அட்டையைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது.

சில விளையாட்டுகள் தலைதெறிக்க ஓடும். கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். அண்ணன் மகனுக்குப் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்றால் உயிர். "சித்தப்பா, இதில் சேவ் பண்ணவே முடியாதா?" என்றான். மூன்றாம் கட்டத்திலிருந்து முடியும், கண்ட்ரோலும் ஜி-யும்.

விண்டோஸ் 95, 98 காலத்து விளையாட்டுகளுக்கு வைன், அதாவது விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள். அவற்றில் பலவற்றின் இன்ஸ்டாலர் 16 பிட். 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது, வைன் ஓட்டிவிடும். விளையாட்டு முழுத்திரையைப் பிடித்துக்கொண்டு திரையின் அளவைக் குலைத்தால், வைனின் அமைப்புகளை மாற்றும் வைன்சிஎஃப்ஜியில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பை 640க்கு 480 என்று வைத்துவிடுங்கள்.

என்னை அதிகம் படுத்தியது மிடி இசை. விளையாட்டு ஓடும், வெடிச்சத்தம் கேட்கும், பின்னணி இசை மட்டும் வராது. மிடி என்பது ஒலிப்பதிவு அல்ல, எந்த சுரத்தை எப்போது வாசிப்பது என்ற குறிப்புகள்தான். அவற்றை இசையாக்கித் தர லினக்ஸில் ஒரு மென்பொருள் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ஃபுளூயிட்சிந்தையும், வாத்திய ஒலிகள் அடங்கிய ஒரு சவுண்ட்ஃபான்ட் கோப்பையும் நிறுவி, வைனுக்கு முன்பே ஓடவிட்ட பிறகுதான் இசை வந்தது. சொல்லப்போனால், இசை இல்லாமல் அந்த விளையாட்டுகள் பாதிதான்.

குறை என்றால் நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்ட குறுந்தட்டுகள். அதற்கான டிரைவரை விண்டோஸ் 10 கைவிட்டுவிட்டது. வைனிலும் அவற்றை நம்ப முடியாது. ஜிஓஜி என்ற இணைய விளையாட்டுக் கடையில் பூட்டில்லாத பதிப்பு கிடைத்தால் அதையே வாங்கிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் ஒரே வைன் கோப்புறையில் கொட்டாதீர்கள். வைன் எந்தக் கோப்புறையைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் வைன்பிரிஃபிக்ஸ் அமைப்பின் மூலம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் கோப்புறை கொடுங்கள். ஒன்றுக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுக்காது. அப்புறம், கணினி மாற்றியபோது அந்தக் கோப்புறைகளை அப்படியே வெளி வட்டில் எடுத்துப்போய்ப் போட்டேன். சேவ் செய்த ஆட்டங்களோடு எல்லாம் ஓடின.