ஊட்டியில் ஸ்வெட்டர் ஓட்டையை அடைக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அசல் கம்பளி ஸ்வெட்டர். முழங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பூச்சி அரித்த ஓட்டை, வயிற்றுப் பக்கம் இரண்டு அங்குலத்துக்குக் கண்ணி, அதாவது பின்னலின் வளையம், நழுவி இறங்கிய கோடு. ஊட்டியில் ஓர் ஆல்டரேஷன் கடையில், "கையாலேயே பின்னித் தர்றோம், தைச்ச இடமே தெரியாது" என்று 300 ரூபாய் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தது மெஷின் தையல். ஓட்டையின் ஓரத்தைக் கத்தரியால் வட்டமாக நறுக்கி, உள்ளே ஒட்டுத்துணி வைத்து, பாலியெஸ்டர் நூலில் ஜிக்ஜாக் ஓட்டியிருக்கிறார்கள். கேட்டால், "ஸ்வெட்டர்னா இப்படித்தாங்க வரும்." பணமும் திரும்பவில்லை.

இப்படி வரவே கூடாது. பின்னலில் இழை கண்ணி கண்ணியாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் போகிறது. ஓரத்தை நறுக்கினால், நறுக்கிய இடமெல்லாம் புதுக் கண்ணி அவிழும். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் கால் பின்னலை அழுத்தி இழுத்துக்கொண்டே போவதால் விளிம்பு அலை அலையாக விரிந்துவிடுகிறது. பின்னல் இழுபடும், அந்த பாலியெஸ்டர் நூல் இழுபடாது. கையை மடக்கும்போதெல்லாம் பக்கத்துக் கம்பளியை அது அறுத்துக்கொண்டே இருக்கும்.

கண்ணி இறங்கிய கோட்டுக்குத் தையலே வேண்டாம். அந்த இடத்தில் இழைகள் ஏணிப்படி போலக் குறுக்கே நிற்கும். அடியில் தொங்கும் கண்ணிக்குள், நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியை முன்பக்கமாக நுழைத்து, மேலே உள்ள முதல் படியைக் கொக்கியில் பிடித்து கண்ணி வழியாக இழுத்தால் புதுக் கண்ணி ஆகிவிடும். இப்படியே படிப்படியாக உச்சிவரை ஏறி, கடைசிக் கண்ணியை அதே நிற நூலால் மேல் வரிசையோடு கட்ட வேண்டும். பத்து நிமிட வேலை.

பூச்சி அரித்த ஓட்டையில்தான் பொறுமை வேண்டும். அறுந்த நுனிகளை வெட்டாமல் பின்பக்கம் தள்ளிவிட்டு, மேலும் கீழும் திறந்து நிற்கும் கண்ணிகளைப் பருத்தி நூலால் செங்குத்தாகக் கோத்துச் சாரம் கட்டுவார்கள். பிறகு முனை மழுங்கிய ஊசியில் அதே தடிமனுள்ள கம்பளி நூலைக் கோத்து, ஓட்டைக்கு இரண்டு கண்ணி முன்னாலேயே தொடங்கி, வரிசை வரிசையாகக் கண்ணி போட்டுவிட்டுச் சாரத்தை உருவிவிடுவார்கள். நூலை இறுக்கினால் சுருங்கும், தளர்த்தினால் தொங்கும். ஒரு நாணய அளவுக்கே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் "அரை மணியில வாங்க" என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இதே மலையில் தோடர் பெண்கள் அச்சு எதுவும் வரையாமல், இழையை எண்ணி எண்ணிப் பூத்தையல் போடுகிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரில் கைவேலை என்று சொல்லி மெஷினை ஓட்டுவது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கொடுக்கும் முன் அவர்கள் ஏற்கெனவே சரிசெய்த ஒரு ஸ்வெட்டரைக் கேட்டு, உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த நூல் போடுவார்கள் என்றும் கேளுங்கள். ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: கம்பளி முடி கருகும் வாடையோடு பொடியாகும், கம்பளி போலவே இருக்கும் செயற்கை இழையான அக்ரிலிக் உருகிக் கெட்டி உருண்டையாகும். அக்ரிலிக் ஸ்வெட்டரில் சூடான அயர்ன் பாக்ஸ் பட்டால் பின்னல் செத்துத் தொங்கிவிடும், திரும்பாது. பூச்சி அரித்ததை உறையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் உள்ளிருக்கும் புழு பக்கத்திலேயே அடுத்த ஓட்டையைப் போடும்.

ஏற்கெனவே மெஷின் ஓட்டிவிட்டார்களா? நூலைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்பக்கமாக, மூன்று தையலுக்கு ஒன்றாக நூலை மட்டும் வெட்டி, துண்டு துண்டாக எடுங்கள். தையல் போகப் போக, திறந்த கண்ணிகளை உடனுக்குடன் சேஃப்டி பின்னில் கோத்து வையுங்கள்.